ஊருக்கு ஓர் ஏரி, கிளைக்கு ஒரு பெட்டி

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு. ஆகவே, வங்கிகள் திங்கள்கிழமைதான் திறந்தன. அன்று காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்த வங்கிக் கிளைக்கு என்னை அவசரமாக அழைத்திருந்தார்கள். கிளை அலுவலகங்களின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில்.

கிளையின் வாசலில் ஏறத்தாழ நாற்பது பேர் காத்திருந்தார்கள். பெரும்பாலோர் மீனவக் குப்பங்களைச் சேர்ந்த பெண்கள். கூரை பறந்தவர்களுக்கும் படகு உடைந்தவர்களுக்கும் அன்று கையில் பணம் வேண்டியிருந்தது. உள்ளே ஜெனரேட்டர் ஓடியது, விளக்குகள் எரிந்தன, கணினிகளும் இயங்கின. கம்பங்கள் சாய்ந்ததில் கண்ணாடி இழை இணைப்பு அறுந்திருந்தது உண்மை. ஆனால், மாற்று ஏற்பாடாக வைத்திருந்த 4ஜி இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் யாவும் அடங்கிய தரவு மையம் வேறொரு மாநிலத்தில் எந்தக் குறையும் இன்றி இயங்கிக்கொண்டிருந்தது. பெட்டகத்தில் ரொக்கமும் இருந்தது. இருந்தும் ஒருவருக்கும் பணம் கொடுக்க முடியவில்லை. வாசலில் 'சர்வர் டவுன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

வரிசையின் முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்பா, கரண்டு இருக்குது, டவர் இருக்குது, பணமும் இருக்குதுன்றாங்க. அப்புறம் இன்னாதான் இல்ல?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான விடை.

அந்தக் கிளையின் கணினிகள் ஒவ்வொன்றிலும் 169.254 என்று தொடங்கும் ஓர் எண் தெரிந்தது. முகவரி எண் வழங்க யாரும் இல்லாதபோது கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அதைக் கண்டதுமே எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் செய்தி விளங்கிவிடும். கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவை, கிளையில் இல்லை. அது பல கிலோமீட்டர் தொலைவில், வட்டார அலுவலகத்தின் ஓர் அறையில், ஒரு சிறிய சர்வரில் இருந்தது. புயலில் அந்த அலுவலகத்துக்கு மின்சாரம் போய், அந்த சர்வர் அணைந்து கிடந்தது. தரவு மையம் விழவில்லை, வழியும் அடைபடவில்லை, வழிகாட்டும் பலகை மட்டும் விழுந்திருந்தது.

எந்த அலுவலக வலையமைப்புக்கும் அடித்தளமாக மூன்று சிறு சேவைகள் உண்டு. முதலாவது, டிஎச்சிபி. காலையில் இயக்கியதும் ஒவ்வொரு கணினியும் 'என் முகவரி எண் என்ன?' என்று கேட்கும். அதற்கு விடை தருவது இச்சேவை. முகவரி குறிப்பிட்ட காலத்துக்கு வாடகையாகத்தான் வழங்கப்படும். காலம் முடிந்தால் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். வெள்ளி மாலை அணைத்த கணினிகளைத் திங்கள் காலை இயக்கியபோது அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது.

இரண்டாவது, டிஎன்எஸ். மனிதர்கள் பெயரால் தேடுகிறோம். கணினிகள் எண்ணால் சேர்கின்றன. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் விலாசப் புத்தகம் இது. மூன்றாவது, நேரம். பெரும்பாலான அலுவலகங்களில் உள்ள விண்டோஸ் உள்நுழைவு முறையில், கிளைக் கணினியின் கடிகாரம் மையத்தின் கடிகாரத்திலிருந்து ஐந்து நிமிடங்களுக்கு மேல் பிசகினால், சரியான கடவுச்சொல்லை உள்ளிட்டாலும் கதவு திறக்காது. இந்த மூன்றும் மிகச் சிறிய வேலைகள். சாதாரண மடிக்கணினியே ஒரு கிளைக்கு இவற்றைச் செய்து முடித்துவிடும். ஆனால், இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற அனைத்தும் இருந்தும் பயனில்லை.

இச்சேவைகள் ஏன் கிளையை விட்டுப் போயின? ஒரு காலத்தில் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் ஒரு சர்வர் இருந்தது. அந்தக் கிளையின் கணக்குகள் அதில்தான் இருந்தன. மையப்படுத்தப்பட்ட வங்கி முறை வந்ததும் கணக்குகள் தரவு மையத்துக்குப் போயின. அது சரியான முடிவு. அதனால்தான் செங்கல்பட்டில் கணக்கு வைத்திருப்பவர் சேலத்தில் பணம் எடுக்க முடிகிறது. சார்பதிவாளர் அலுவலகம், அஞ்சலகம், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாமே இதே பாதையில் சென்றிருக்கின்றன. ஆனால், கிளைச் சர்வரை அகற்றியபோது அதில் ஒரு மூலையில் இயங்கிய சிறு சேவைகளும் கூடவே அகன்றன. பேரேட்டைக் கொண்டுபோனவர்கள் வாசற்கதவின் சாவியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இந்தத் தவற்றைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை. இது ஏரிகளின் மாவட்டம். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கினாலே கொளவாய் ஏரி கண்ணில் படும். தெற்கே சென்றால் மதுராந்தகம் ஏரி. பாலாறு இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குச் செல்கிறது. ஆயினும், ஆறு இருக்கிறதே என்று நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டாமல் இருந்துவிடவில்லை. ஆற்றில் தண்ணீர் வரும் நாட்கள் குறைவு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மேலிருந்து வருவதை வாங்கித் தேக்கிக்கொள்ள ஊருக்கு ஓர் ஏரி. அதற்கு வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல். மதகைத் திறந்து மூட ஒரு நீர்க்கட்டி. வரத்து நின்ற பிறகும் வயலுக்கு நீர் பாய்ந்தது இப்படித்தான். ஏரி ஆற்றுக்குப் போட்டியன்று. ஆற்றைச் சார்ந்திருந்தும், ஆறு வறண்ட நாளில் ஊர் வறண்டுபோகாமல் காக்கும் ஏற்பாடு அது.

இணையத்தைக் கட்டியவர்களும் இந்த உண்மையைப் பட்டறிந்தே கற்றார்கள். இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பில், எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து படியெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அந்த முறை திணறியது. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது, கேட்டறிந்த விடையை அருகிலேயே குறிப்பிட்ட காலம் சேமித்துவைப்பது என்ற இரண்டும் அதன் உயிர்நாடி. இந்தப் பெயர் மரத்தின் உச்சியில் இருக்கும் வேர்ச் சர்வர்கள்கூட இன்று ஓரிடத்தில் இல்லை. அவற்றின் பிரதிகள் உலகெங்கும் பரவியிருக்கின்றன. 2005-இல் இந்தியாவுக்கு வந்த பிரதிகளில் ஒன்றான 'எஃப்' சென்னையில் நிறுவப்பட்டது. உலகத்தின் விலாசப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கே சென்னையில் ஒரு படி இருக்கிறது. ஆனால், நம் கிளை அலுவலகத்தின் பத்துப் பக்க விலாசப் புத்தகத்துக்குக் கிளையில் ஒரு படி இல்லை.

கிளைக்கு மறுபடியும் ஒரு சர்வரை அனுப்பலாமா என்றால், அதற்கு எந்த நிறுவனமும் இசையாது, இசையவும் வேண்டியதில்லை. தனிச் சர்வர் என்றால் தனி மின்சாரம், தனிப் பேட்டரி, தனிப் பராமரிப்பு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உலோக இணைப்புகளைத் தின்றுவிடும். கிளையில் அதைக் கவனிக்கக் கணினி தெரிந்த ஊழியரும் இருக்கமாட்டார். இந்த இக்கட்டிலிருந்து மீள்வதற்கு வந்த வழிதான் மெய்நிகர் சாதனம்.

ஒரே கணினியைப் பல கணினிகள்போல் பிரித்து இயக்குவதே மெய்நிகராக்கம். நம் ஊர்களின் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கூரை ஒன்று, குடித்தனங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஐபிஎம் நிறுவனம் 1972-இலேயே தன் பெருங்கணினிகளில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் இது சாதாரணக் கணினிகளுக்கும் வந்தது. அடுத்து, கிளைகளை மையத்தோடு இணைக்கும் ரூட்டர்களும் குடித்தனம் ஏற்கத் தொடங்கின. 2012 அக்டோபரில் உலகின் 13 பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. ஒவ்வொரு வலையமைப்பு வேலைக்கும் தனித்தனிப் பெட்டி வாங்கும் வழக்கத்தை விட்டு, அவ்வேலைகளை மென்பொருளாக்கிப் பொதுவான கணினிகளில் இயக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அண்மை ஆண்டுகளில் வாங்கப்படும் கிளை ரூட்டர்கள் பலவற்றில் இப்படிக் குடித்தனம் வைக்கப் போதுமான செயலியும் நினைவகமும் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. முகவரி, பெயர், நேரம் ஆகிய மூன்று சேவைகளையும் ஒரு மென்பொருள் பொதியாக்கி மையத்திலிருந்தே அந்த ரூட்டருக்கு அனுப்பிவிடலாம். கிளைக்கு யாரும் நேரில் செல்ல வேண்டியதில்லை. விலாசப் புத்தகத்தின் மூலப்படி மையத்திலேயே இருக்கும். கிளையில் இருப்பது அதன் நகல். மூலத்தில் ஏற்படும் மாற்றம் நகலுக்குத் தானாக வந்துசேரும். இணைப்பு அறுந்தால், கடைசியாக வந்த நகலை வைத்துக் கிளை இயங்கும். அந்த நகல் எத்தனை நாள் செல்லும் என்பதையும் மையமே நிர்ணயிக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரம் வரை வைப்பது பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். மூலத்தை எட்ட முடியாதபோது, காலம் கடந்த விடையையும் தற்காலிகமாகத் தரலாம் என்று 2020-இல் வெளியான இணையத் தர ஆவணம் ஒன்று வழிசெய்திருக்கிறது. பழைய விலாசமாவது இருந்தால் வீட்டைத் தேடிப் போகலாம். விலாசமே இல்லையென்றால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

தனிச் சர்வர் இல்லாததால் மின்சாரமும் மிச்சம். ஒரு பெட்டிக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும் பேட்டரி, மூன்று பெட்டிகளுக்குக் கொடுக்கும் பேட்டரியைவிட நீண்ட நேரம் தாங்கும். புயல் நாளில் அந்தக் கூடுதல் நேரத்தின் அருமை தெரியும். இதற்கான மென்பொருளுக்கும் பெரும் பணம் தர வேண்டியதில்லை. சென்னையில் உள்ள 'எஃப்' வேர்ச் சர்வரை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பான ஐஎஸ்சி, டிஎன்எஸ் சேவைக்கு 'பைண்ட்', டிஎச்சிபி சேவைக்கு 'கீயா' என்ற மென்பொருள்களைக் கட்டற்ற முறையில் வழங்குகிறது.

'இது சிறு கிளைகளின் பிரச்சினை. பெரிய நிறுவனங்களுக்கு இப்படி நேராது' என்று நினைப்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது நேர்ந்த தவற்றால் அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. உலகின் பல பகுதிகளில் இருந்த அதன் டிஎன்எஸ் சர்வர்கள் நலமாகவே இருந்தன. ஆனால், 'தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால், நீ பழுதானதாகக் கருதி ஒதுங்கிக்கொள்' என்று அவற்றுக்குக் கற்பித்திருந்தார்கள். அவை சொன்னபடி ஒதுங்கிக்கொண்டன. அத்துடன் உலகத்தின் கண்ணிலிருந்து ஃபேஸ்புக் என்ற பெயரே மறைந்தது. கோளாற்றைச் சரிசெய்யப் பயன்படும் உள்கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்ததால் முடங்கின. ஆக, பெட்டியை விளிம்பில் வைத்தால் மட்டும் போதாது. மையம் பேசாத நேரத்தில் தானே முடிவெடுக்கும் உரிமையையும் அதற்குக் கொடுக்க வேண்டும். சாவி இல்லாத மதகால் யாருக்கும் பயன் இல்லை.

மையம் சென்னையிலேயே இருந்தால் கவலை இல்லை என்பதும் சரியன்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையையே தாக்கியது. பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்களில் ரொக்கம் இல்லை. கடைகளின் அட்டை இயந்திரங்களுக்கு இணைப்பு இல்லை. கையில் காசு இருந்தவரே அன்று பால் வாங்க முடிந்தது. வங்கக் கடல் புயல்கள் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரே புயலில் கிளையும் வட்டார அலுவலகமும் சேர்ந்து முடங்கும் வாய்ப்பு, இந்தக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையோடு வந்துபோகிறது.

இந்த ஏற்பாடு எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி இழையும் 4ஜியும் சேர்ந்தே அறுந்துவிட்டால், கிளையில் எத்தனை மெய்நிகர் சாதனங்கள் இருந்தாலும் வாடிக்கையாளரின் இருப்பைப் பார்க்க முடியாது. கணக்கு மையத்தில்தான் இருக்கிறது. அப்போதும் கிளைக்குள் அச்சுப்பொறி, உள் தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா முதலியவை இயங்கும்; இணைப்பு திரும்பிய நிமிடமே வேலை தொடங்கும். அவ்வளவுதான். ஆனால், நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு வழிகளும் அறுந்த கோளாறுகள் அல்ல. ஒரு வழி திறந்திருந்தும், அதில் நடக்கத் தெரியாமல் நின்ற கோளாறுகள்.

ஆபத்துகளும் உண்டு. முதலாவது, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தால் அந்தப் பெட்டி பழுதாகும்போது எல்லாம் போகும். எனவே, கிளை முதன்மையாகவும், மையம் துணையாகவும் இரண்டிடத்திலும் சேவை இருக்க வேண்டும். இரண்டாவது, நூறு கிளைகளில் நூறு சிறு சர்வர்கள் என்றால் பூட்டப்பட வேண்டிய கதவுகளும் நூறு. சிறு ரூட்டர்களில் பரவலாகப் பயன்படும் 'டிஎன்எஸ்மாஸ்க்' என்ற மென்பொருளில் ஏழு பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பது 2021 ஜனவரியில் வெளியானது. அப்படிப்பட்ட செய்தி வந்தால், எல்லாக் கிளைகளிலும் உடனே திருத்தம் செய்ய மையத்தில் ஆளும் முறையும் வேண்டும். மூன்றாவது, சட்டக் கடமை. இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, கணினிகளின் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பதிவேடுகள் 180 நாட்களுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும். எந்த முகவரி எப்போது எந்தக் கணினிக்கு வழங்கப்பட்டது என்ற பதிவு, இணைப்பு திரும்பியதும் மையத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஏரியை வெட்டிவிட்டுத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்றுகள் உண்டு.

இவையெல்லாம் கடினமானவை அல்ல. அரசுத் துறைகளும் வங்கிகளும் கிளைகளுக்கு ரூட்டர் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்: 'மையத்தோடு தொடர்பு இல்லாத நிலையிலும், கிளைக்குள் முகவரி, பெயர், நேரம் ஆகிய சேவைகள் குறைந்தது ஏழு நாட்கள் இயங்க வேண்டும்.' இன்றைய ஒப்பந்தப்புள்ளிகளில் இணைப்பின் வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இணைப்பு இல்லாத நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

அடுத்தது, ஒத்திகை. பருவமழைக்கு முன் செப்டம்பரில் நீர்வளத் துறையினர் மதகுகளைத் திறந்து மூடிப் பார்ப்பதுபோல, ஒரு நாள் மாலை கிளையின் முதன்மை இணைப்பையும் வட்டார அலுவலகச் சர்வரையும் வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை கணினிகள் உயிர்பெறுகின்றனவா? கடவுச்சொல் செல்கிறதா? ஒரு ரூபாய் பரிமாற்றம் நடக்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்காத கிளை, புயலுக்கு ஆயத்தமாகவில்லை என்றே பொருள்.

நாட்டின் பெரிய தரவு மையங்கள் சில செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியிலேயே எழுந்திருக்கின்றன. சிங்கப்பூரை இணைக்கும் ஆழ்கடல் கம்பிவடங்கள் சென்னைக் கரையில் ஏறுகின்றன. இவற்றைப் பற்றி நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால், ஒரு வலையமைப்பின் தரத்தை அதன் மையத்தின் பெருமையைக் கொண்டு அளக்கக் கூடாது. அதன் கடைசிக் கிளையின் கவுண்டரில் நின்று அளக்க வேண்டும்.

அன்று நான் ஒவ்வொரு கணினியிலும் முகவரி எண்களைக் கையால் உள்ளிட்டு, தேவையான பெயர்களையும் எழுதி முடித்தபோது பிற்பகல் இரண்டரை மணி. வரிசையில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். அந்த மூதாட்டி போகவில்லை, படியில் அமர்ந்திருந்தார். அவர் எடுக்க வந்த தொகை 1,000 ரூபாய். அதை எண்ணி முடிச்சில் கட்டிக்கொண்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் நடந்தார்.

பாட்டி, அன்று அங்கே இல்லாதது பத்துப் பக்கமுள்ள ஒரு விலாசப் புத்தகம். அது அந்தக் கிளையிலேயே, வாசலுக்கு அருகில் சுவரில் மாட்டியிருந்த ரூட்டருக்குள்ளேயே இருந்திருக்கலாம். அதற்கு இடமும் இருந்தது. வைக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.